பிடரியில் தொடங்கும் தலையிடி

கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கம், மூதூரிலிருந்து சம்பூர் போகும் பாதையில் இருக்கிறது கட்டைபறிச்சான். வயலும் களப்பும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர். இங்கே சோறு போடும் வேலைகளில் பெரும்பாலானவை குனிந்தோ, இழுத்தோ, சுமந்தோ செய்பவை. வயலில் புல்லுப் பிடுங்குகிறவர்கள், கரைவலை இழுக்கிறவர்கள், களப்பில் இறாலுக்கு இறங்குகிறவர்கள், காட்டில் விறகு கட்டித் தலையில் ஏற்றி வருகிறவர்கள், தையல் மெசினில் குனிந்தபடியே பொழுதைக் கழிக்கும் பெண்கள். பொழுதுபட வீடு திரும்பும்போது இவர்களில் பலரோடு ஒரு தலையிடியும் கூட வரும். பிடரியில் தொடங்கும். ஒரு பக்கமாக உச்சிக்கு ஏறி, நெற்றிக்கு இறங்கி, கண்ணுக்குப் பின்னால் வந்து குந்திக்கொள்ளும்.

வீட்டில் அதற்கு உடனடி வைத்தியம் இரண்டு பனடோல். அதோடு நெற்றியில் சித்தாலேப. அதற்கும் போகாவிட்டால்தான் அலைச்சல் தொடங்கும். கண்ணில் குறை என்று கண்ணாடி போடுவார்கள். பீனிசம் என்று ஆவி பிடிப்பார்கள். பிரஷராக இருக்கும் என்று பார்மசியில் அளந்து பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும், தலையிடி மட்டும் போகாது. இத்தனை அலைச்சலிலும் ஒருவர்கூடக் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். அப்படி அலைகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நோயின் வேர் கழுத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழகிய இரண்டு கைகளும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

கழுத்திலிருந்து தலைக்கு வரும் இந்த நோவைத் தனி நோயாகப் பிரித்து 1983 இல் எழுதியவர் நோர்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஸ்யோஸ்தாத். அதற்கு முன்னும் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒற்றைத் தலைவலியோடும் இறுக்கத் தலைவலியோடும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலேயே இதற்குத் தனி இடம் உண்டு. நோர்வேயில் வோகோ என்ற ஊரில் ஸ்யோஸ்தாத் நடத்திய கணக்கெடுப்பில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இந்தத் தலையிடி இருந்தது. ஆகவே தலையிடிக்கிற எல்லோருக்கும் கழுத்துத்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நூற்றில் நான்கு என்பது சின்னக் கணக்கும் இல்லை. ஒரு கிராமத்தில் அது எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

கழுத்தில் பழுது இருக்க, கண்ணுக்குப் பின்னால் ஏன் நோக வேண்டும்? கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் மண்டையோட்டுக்குக் கீழே உள்ள மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் நோவை எடுத்துச் செல்கின்றன. நெற்றி, கண், கன்னம் ஆகியவற்றின் உணர்வை எடுத்துச் செல்வது முகத்தின் முப்பெரு நரம்பு. இரண்டு வழியும் முண்ணாணின் மேல் நுனியில் ஒரே கலத்திரளில் போய்ச் சேருகின்றன. இரண்டு வாய்க்கால்கள் ஒரே மதகில் விழுந்த பிறகு எந்தத் தண்ணீர் எந்த வயலிலிருந்து வந்தது என்று மதகடியில் நிற்கிறவருக்குத் தெரியாது. மூளைக்கும் அதே நிலைதான். கழுத்து அனுப்பிய நோவை நெற்றியின் நோவாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நெற்றியில் எவ்வளவு தைலம் பூசினாலும் ஆறுவதில்லை. பெரும்பாலும் பழுது இருப்பது கழுத்தின் முதல் மூன்று முள்ளென்புகளின் மூட்டுகளில், அதிலும் இரண்டாவதும் மூன்றாவதும் சேரும் மூட்டில்.

சாதாரண ஆள் இதை எப்படிப் பிரித்தறிவது? நோவு ஒரு பக்கமாகவே இருக்கும், இன்றைக்கு இடம் நாளைக்கு வலம் என்று மாறாது. கழுத்தில் தொடங்கித்தான் முன்னுக்கு வரும். தலையைத் திருப்பினால், அல்லது ஒரே மாதிரிக் கனநேரம் குனிந்திருந்தால் கூடும். கழுத்து ஒரு பக்கம் முழுதாகத் திரும்பாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்க்கத் தோளையும் சேர்த்துத் திருப்புவார். ஒற்றைத் தலைவலி வேறு மாதிரி. அது விண்விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, மருந்து எடுக்காவிட்டால் நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை கிடத்தும். இறுக்கத் தலைவலி தலையைச் சுற்றி நாடாக் கட்டியது போல இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு சிக்கலும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் கழுத்து நோவதுண்டு. ஆகவே கழுத்து நோகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

கையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்டிடம்) வருகிறார் என்று வையுங்கள். அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, மண்டையோட்டு விளிம்புக்குக் கீழே இரண்டு பெருவிரலாலும் மெல்ல அமத்திக்கொண்டே போவார். ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. மற்றப் பக்கம் ஒரு புள்ளியில் தசை கல்லாக இருக்கும், அக்காவின் தோள் தானாக உயரும்.

"அக்கா, இதில அமத்தக்க எங்க நோகுது?"

"கண்ணுக்குள்ள வருது தம்பி. அந்த நோவுதான்."

"வழமையா வாற அதே நோவா?"

"அதேதான். அச்சொட்டா அதே இடம்."

இந்தப் பதில்தான் முதல் தடயம். புது நோவு வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, எந்தக் கழுத்தை அழுத்தினாலும் கொஞ்சம் நோகும். பழகிய தலையிடியே அந்தப் புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும்.

அடுத்த சோதனைக்கு மல்லாக்கப் படுக்க வைப்பார். தலையை இரண்டு கையாலும் ஏந்தி, நாடி நெஞ்சைத் தொடுமளவுக்குக் கழுத்தை முழுதாக மடக்குவார். மடக்கியபடியே தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்புவார். முழுதாக மடக்கும்போது கழுத்தின் கீழ் மூட்டுகள் இறுகிக்கொள்ளும், திருப்பம் பெரும்பாலும் முதலாம் இரண்டாம் முள்ளென்புகளுக்கு இடையில் மட்டும் நடக்கும். தலையைத் திருப்பும் அசைவில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. நல்ல கழுத்து இப்படிப் பக்கத்துக்கு ஏறத்தாழ 44 பாகை திரும்பும். நோவுள்ள பக்கத்தில் 32 பாகைக்குக் கீழே நின்றுவிட்டால் மூட்டு இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவில் டோபி ஹோல் போன்ற இயன்மருத்துவர்கள் இந்தச் சோதனையை அளந்து நிறுவினார்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் தெரியாது. ஐம்பது வயது தாண்டிய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் நோவே இல்லாதவருக்கும் தேய்மானம் தெரியும். 'எலும்பு தேஞ்சு போச்சாம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுக் கழுத்தை அசைக்கவே பயந்து வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். தேய்மானம் நரை மாதிரி வயதோடு வருவது. பயந்து அசைக்காமல் வைத்திருந்தால் கழுத்து இன்னும் இறுகும்.

சிகிச்சையில் முதலில் கை. இறுகிய மூட்டின் மேல் பெருவிரலை வைத்து, சின்னச் சின்ன அசைவாக, தாளம் தவறாமல் தள்ளித் தள்ளி இளக்குவார்கள். இந்த முறைக்கு ஒழுங்கு அமைத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவுஸ்திரேலியாவின் ஜெப்ரி மெயிற்லண்ட். நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் இன்னொரு வழி கண்டார். மூட்டை ஒரு திசையில் பிடித்துக்கொண்டே நோயாளியையே தலையைத் திருப்பச் சொல்வது. சரியான இடத்தில் பிடித்தால், அதுவரை நொந்த திருப்பம் நோகாமல் போகும். நோவு இருந்தால் பிடித்த இடம் பிழை, மாற்றிப் பிடிக்க வேண்டும்.

மல்லிகன் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது துவாய். இயன்மருத்துவர் பிடித்த இடத்தில் நோயாளி தானே துவாயின் ஓரத்தைப் பிடரியில் வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் திரும்பக் கஷ்டம் என்றால், துவாயின் இடப்பக்க நுனியைக் கன்னத்தோடு ஒட்டி முன்னால் கொண்டுவந்து வலக்கையால் பிடிக்க வேண்டும். மற்ற நுனியை இடக்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலக்கை கண்ணின் உயரத்தில் மெல்ல இழுக்க, அந்த இழுவையோடு தலை வலப்பக்கம் திரும்பும். துளி நோவும் இருக்கக் கூடாது. 2007 இல் ஹோலும் கூட்டாளிகளும் 32 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மைப் பயிற்சி, பாதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் பொய்ப் பயிற்சி. உண்மைப் பயிற்சி செய்தவர்களின் கழுத்து உடனேயே சராசரி 15 பாகை கூடுதலாகத் திரும்பியது, மற்றவர்களுக்கு 5. நான்கு கிழமையிலும் ஒரு வருடம் கழித்தும் பார்த்தபோது முதல் குழுவுக்குத் தலையிடி தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு துவாய்தான் கருவி. ஆனால் முதல் தடவை ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். இதை வாசித்துவிட்டுத் தானாகத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது பாதி தசைக்கு. கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்குப் பின்னால், முள்ளந்தண்டோடு ஒட்டி ஆழத்தில் சில மெல்லிய தசைகள் உண்டு. தலையை நேராக நிறுத்தி வைப்பது அவற்றின் வேலை. இந்தத் தலையிடி உள்ளவர்களுக்கு அவை சோர்ந்து போயிருக்கும், அவற்றின் பாரத்தை வெளித் தசைகள் ஏற்று இறுகும். பாயில் மல்லாக்கப் படுத்து, 'ஓம்' என்று தலையாட்டுவது போல நாடியை மட்டும் மிக மெதுவாக உள்ளே இறக்குவதுதான் பயிற்சி. தலை பாயை விட்டு எழும்பக் கூடாது. பத்து வினாடி பிடித்து, விட்டு, பத்துத் தடவை. இயன்மருத்துவப் பிரிவில் கழுத்துக்குக் கீழே காற்றுப் பை ஒன்றை 20 மில்லிமீற்றர் பாதரச அழுத்தத்துக்கு ஊதி வைப்பார்கள். நோயாளி அதை 22, 24 என்று இரண்டிரண்டாக 30 வரை உயர்த்திப் பழக வேண்டும். முதல் நாளில் 24 இலேயே பலருக்குத் தொண்டைத் தசை துருத்திக்கொண்டு வெளியே வரும். அது களவு, ஆழத் தசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பார்க்க ஒன்றுமில்லாத அசைவு, செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். இதோடு தோள்பட்டையைப் பின்னுக்கும் கீழுக்கும் இறக்கிப் பிடிக்கும் பயிற்சியும் சேரும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் குவென் ஜல் தலைமையில் நடந்து 2002 இல் வெளிவந்த ஆய்வில் 200 நோயாளிகள். நான்கு குழுக்கள்: ஒன்றுக்குக் கைச்சிகிச்சை, ஒன்றுக்குப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை. ஆறு கிழமைக்குள் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை சிகிச்சை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் கைச்சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியே தலையிடியின் தடவையையும் கடுமையையும் குறைத்திருந்தன. இரண்டும் சேர்ந்தது தனி ஒன்றை விடப் பெரிதாக மேல் என்று நிறுவ முடியவில்லை, என்றாலும் பத்து வீதம் கூடுதலானவர்கள் சுகம் கண்டார்கள். மருந்து குடிக்கும் வரைக்கும்தான் மருந்தின் பலன். இது ஆறு கிழமை செய்ததற்கு ஒரு வருடப் பலன்.

நம் பக்கத்து வேலைகளுக்கு வருவோம். குனிந்த தலைக்கு 27 கிலோ பாரம் என்று ஒரு படம் எல்லாக் கைத்தொலைபேசியிலும் சுற்றுகிறது. 2014 இல் ஒரு முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது, மனிதரில் அளந்தது அல்ல. குனிவது குற்றமில்லை. ஒரே குனிவில் மணிக்கணக்கில் இருப்பதுதான் கழுத்தைக் கெடுக்கிறது. புல்லுப் பிடுங்குகிறவர் அடிக்கடி நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தாலே பாதிச் சுகம். தையல் மெசின் மேசையைக் கொஞ்சம் உயர்த்தினால், ஒரு சட்டை முடிய எழுந்து நடந்தால், கழுத்து நன்றி சொல்லும். தலைச்சுமைக்கும் கழுத்துத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஆப்பிரிக்க நாடுகளில் எடுத்த எக்ஸ்ரே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விறகை இரண்டு சின்னக் கட்டாக்குவதோ, சைக்கிளில் வைத்துத் தள்ளி வருவதோ முடிகிறவர்கள் செய்யலாம். முடியாதவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இந்த மண்ணில் கேட்காமல் விட முடியாது. 2006 இல் போரால் சம்பூர்ப் பக்கம் முழுதும் இடம்பெயர்ந்தது. பல குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது பத்து வருடம் கிடந்தன. ஓடும்போது விழுந்தது, அடிபட்டது, வெடி அதிர்வில் தூக்கி எறியப்பட்டது எல்லாம் கழுத்தின் கணக்கில் சேரும். கழுத்தில் பட்ட அடி இந்தத் தலையிடிக்கு நன்கு தெரிந்த காரணங்களில் ஒன்று. 'எப்ப தொடங்கினது?' என்ற கேள்விக்குச் சிலர் வருடத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த மௌனத்துக்கு நேரம் கொடுக்கிறவர்தான் நல்ல இயன்மருத்துவர். நித்திரை இல்லாமையும் மனப் பாரமும் நோவைக் கூட்டும் என்பதும் மருத்துவ உண்மை. உடம்பில் சன்னத் துண்டு இருக்கிறவர்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

சலூனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முடி வெட்டி முடிந்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து 'டக்' என்று முறிப்பது இன்னும் நடக்கிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மேல் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு போகும் நாடிகள் ஏறுகின்றன. திடீர்த் திருப்பத்தில் அந்த நாடியின் உட்சுவர் கிழிந்தால் பாரிசவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் திருத்த முடியாமலும் போகலாம். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு மேல் கழுத்து மூட்டே தளர்ந்திருக்கக்கூடும், அவர்களின் கழுத்தில் யாரும் விளையாடவே கூடாது. எண்ணெய் பூசி மெல்ல உருவுவதில் குற்றமில்லை, தசை இளகும். முறிப்பது வேண்டாம்.

எந்தத் தலையிடிக்கு இயன்மருத்துவரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இடி விழுந்தது போல ஒரு கணத்தில் உச்சத்துக்குப் போனது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தது. வாய் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் விளங்காமை, நடை தள்ளாடல் இவற்றில் ஒன்றோடு வந்தது. தலையில் அடிபட்ட பின் நாளுக்கு நாள் கூடுவது. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தது. கர்ப்பிணிக்கு வந்த கடும் தலையிடி. முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்தது. பாரிசவாத அறிகுறி இருந்தால் ஓட்டோ தேடி நேரம் கடத்தாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடலாம், இலவசம்.

பனடோலுக்கும் கணக்கு உண்டு. மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே தலையிடியைத் தொடர வைக்கக்கூடும். கலப்பு மாத்திரைகளுக்கும் வேறு சில வலுவான வலி மருந்துகளுக்கும் அந்த எல்லை பத்து நாள்தான். அப்படிப்பட்டவருக்குக் கழுத்தை எவ்வளவு இளக்கினாலும், மாத்திரையைக் குறைக்கும் வரை முழுச் சுகம் வராது. குறைக்கும் முதல் நாட்களில் தலையிடி கூடவும் செய்யும், வைத்தியரின் துணையோடு செய்ய வேண்டியது.

இத்தனையும் சொன்ன பிறகு தூரத்தின் கணக்கு வருகிறது. இயன்மருத்துவம் அரச ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் ஆதார வைத்தியசாலைகளிலும் அதற்கு மேலேயும்தான். மூதூரில் ஆதார வைத்தியசாலை இருப்பது கட்டைபறிச்சானுக்கு ஆறுதல். அதற்கு மேல் என்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலை. குடாவைச் சுற்றிப் பாலங்கள் வந்த பிறகு பஸ்ஸில் போய் வரலாம்தான், ஆனால் ஒரு நாள் போய்விடும். ஆறு கிழமையில் எட்டுத் தடவை என்றால் நாட்கூலிக்காரருக்கு எட்டு நாள் சம்பளம். இலவச மருத்துவம் அவரிடம் வாங்கும் விலை அது. இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாவது தடவை வராமல் விடுகிறவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே கேட்க வேண்டியது கட்டடம் அல்ல. சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் பக்கத்துக்கு ஓர் இயன்மருத்துவர் கிழமையில் ஒரு நாள் வரும் ஏற்பாடு. பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்தில் ஒரு கட்டில் போதும். தொடக்கத்தில் நான்கு தடவை கைச்சிகிச்சை, பிறகு வீட்டில் துவாயும் பாயும், இடையிடையே வந்து பயிற்சி சரியா என்று காட்டிவிட்டுப் போவது. தாய்சேய் கிளினிக் ஊருக்குள் வருகிற நாட்டில் இது பெரிய ஆசை இல்லை.

அதுவரைக்கும் வெளிநோயாளர் பிரிவில் தலையிடி என்று போகிறவர்கள் ஒரு வசனம் கூடச் சொல்லலாம்: "டொக்டர், இது பிடரியில தொடங்குது, கழுத்தத் திருப்பினாக் கூடுது." இயன்மருத்துவத்துக்குத் துண்டு எழுதுவதற்கு அது உதவும். சிகிச்சை தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று நாள் கழுத்து கொஞ்சம் உளையும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். தலையிடி வந்த நாளையும் பனடோல் எடுத்த நாளையும் கலண்டரில் புள்ளி போட்டு வையுங்கள். ஆறு கிழமை முடிந்து அந்தப் புள்ளிகள் குறையாவிட்டால், கலண்டரையே எடுத்துக்கொண்டு மறுபடி டொக்டரிடம் போய், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.